மூணு கம்ப்யூட்டரை இணைக்க 18,000 ரூபாயா?

கேள்வி: 14 ஏப்ரல் 2023, காலை

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்க எங்க ஊருங்க. வீட்டுல மூணு கம்ப்யூட்டர். கீழ முன்ரூம்ல மாட்டுத்தீவனக் கடைக் கணக்கு போடற மெஷின், பிரிண்டர் அதுலதான் இருக்கு. மாடியில பையனுக்கு ஒண்ணு. இன்னொண்ணு பழைய லேப்டாப். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு, 70 எட்டு இருக்கும், அங்கயும் ஒண்ணு. ஒரு பில்லு அடிக்கணும்னா பென் டிரைவைத் தூக்கிட்டு ஏறி இறங்க வேண்டியிருக்கு. கோயமுத்தூர்ல ஒரு கடையில கேட்டதுக்கு அங்கங்க பெட்டி வச்சு வைஃபை பரப்பற மெஷ் வைஃபை வைங்க, 18,000 ஆகும்னாங்க. கொறைச்சலா முடிக்க வழியே இல்லீங்களா?

பதில்: 14 ஏப்ரல், இரவு

இருக்குங்க. உங்க வீட்டுக்கு மட்டும்னா 3,000 ரூபாய்க்குள்ள. தம்பி வீட்டையும் சேர்த்தா இன்னொரு 1,500.

நான் வேலந்தாவளம் பக்கம். பாட்டன் கட்டின மண் சுவர் வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். முன்னால திண்ணையில மோடம், பின்னால அடுக்களையை ஒட்டின ரூம்ல கம்ப்யூட்டர். நடுவுல மூணு சுவர். வைஃபை அங்க போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப் போகும். நானும் முதல்ல பெரிய ஆன்டெனா வச்ச ரூட்டர் வாங்கினேன், அப்புறம் ரிப்பீட்டர் வாங்கினேன். ரெண்டுலயும் போன காசு எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில 28 மீட்டர் ஒயர் இழுத்தேன், அன்னைக்கே தீர்ந்துச்சு.

அதனால சொல்றேன். பெட்டியில காசு போடாதீங்க, ஒயர்ல போடுங்க. ரூட்டர் நாலஞ்சு வருஷத்துல பழசாயிடும். சுவத்துல போட்ட நல்ல செப்பு ஒயர் உங்க பையன் காலத்துக்கும் கிடக்கும்.

வேணுங்கிறது இவ்வளவுதான்: கேட் 6ங்கற நெட்வொர்க் ஒயர் 35 மீட்டர், மீட்டர் 25 ரூபாய் கணக்குல 875. ஒயர் முனையில மாட்டற ஆர்ஜே 45 ஜாக் ஒரு பத்து. ஜாக்கை அழுத்திப் பிடிக்க வைக்கற கிரிம்பிங் டூல் 350. அஞ்சு போர்ட் கிகாபிட் சுவிட்ச், அதாவது எல்லா ஒயரையும் ஒண்ணா சேர்க்கற பெட்டி, 1,100. மிச்சம் பைப்பும் கேசிங் பட்டியும். கரண்ட் ஒயர் போற பைப்புலயே இதையும் நுழைச்சுடாதீங்க, தனிப் பைப்பு போடுங்க. பைப்புக்குள்ள ஒரு நைலான் கயிறையும் சேர்த்து விட்டு வைங்க, நாளைக்கு இன்னொரு ஒயர் இழுக்கணும்னா அந்தக் கயிறு இழுத்துக் குடுக்கும்.

நாளைக்கு விஷு, ஆள் யாரும் வேலைக்கு வரமாட்டாங்க. பொறுமையா அளவெடுத்து வைங்க.

15 ஏப்ரல்

ஒண்ணு விட்டுப் போச்சு. சுவிட்ச் வாங்கறதுக்கு முன்னால மோடத்தோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஃபைபர் மோடம்னா நாலு லேன் போர்ட், அதாவது வீட்டு மெஷினுங்களுக்கு ஒயர் குத்தற துளை, இருக்கலாம், அப்ப சுவிட்சே வேண்டியதில்லை. ஆனா நாலுமே கிகாபிட்னு நினைச்சுடாதீங்க. நிறைய மோடத்துல ஒண்ணுதான் கிகாபிட், மத்ததெல்லாம் 100 மெகாபிட். இன்டர்நெட்டுக்கு அது போதும். வீட்டுக்குள்ள ஃபைல் மாத்தறப்பதான் வித்தியாசம் தெரியும்: 1 ஜிபி ஃபைல் 100 மெகாபிட் போர்ட்ல போக ஒன்றரை நிமிஷம், கிகாபிட்ல பத்து செகண்ட்.

15 ஏப்ரல், மாலை

ஒயர் வாங்கறப்ப கவனம். மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு கடையில பாதி விலைக்கு ஒரு ரோல் குடுத்தாங்க, பெட்டி மேல கேட் 6னுதான் போட்டிருந்தது. அலுமினியத்துக்கு மேல செப்பு பூசின ஒயர் அது. ஜாக் அடிக்கறப்பவே ரெண்டு இழை ஒடிஞ்சுது, ஒரு மழைக்காலம் தாங்கலை. வாங்கறதுக்கு முன்னால ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. நல்ல செப்பு கையில தூக்கினாலே கனமா இருக்கும். 305 மீட்டர் பெட்டி முழுசா வாங்க வேண்டாம், மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற கடை காந்திபுரத்துல இருக்கு.

ஜாக்கோட கிளிப் கீழ இருக்கற மாதிரிப் பிடிச்சா இடமிருந்து வலம் வர்ற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ரெண்டு முனையிலயும் இதே வரிசை. நீலம் பச்சைக்கு நடுவுல உட்காருதேன்னு உங்க இஷ்டத்துக்கு மாத்திடாதீங்க. முறுக்கின ஜோடி முறுக்கின ஜோடியாவே போய்ச் சேரணும். ஒரு ஒயர்ல ஏறற இரைச்சல் ஜோடி ஒயர்லயும் அதே அளவு ஏறும், ரெண்டையும் கழிச்சா இரைச்சல் போயிடும். முறுக்கறதே அதுக்காகத்தான். ஜாக்குக்குள்ள போற கடைசி அரை அங்குலம் தவிர வேற எங்கயும் முறுக்கைப் பிரிக்காதீங்க.

17 ஏப்ரல்

'காலம் மாறிப் போச்சு, இன்னும் ஒயரா'ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை வேணும், அதுல ரெண்டு பேச்சில்லை. ஆனா வைஃபை பெட்டிக்கு ஒயர்தான் தீனி. மாடி வரைக்கும் ஒயர் கொண்டு போய் அந்த முனையில பரண்ல கிடக்கற பழைய ரூட்டரை மாட்டினா மெஷ் செய்யற வேலையில முக்காவாசி முடிஞ்சுது.

மாட்டறதுக்கு ஒரு முறை இருக்கு. பழைய ரூட்டரோட ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரியை, மாத்துங்க. மோடம் 192.168.1.1னா இதுக்கு 192.168.1.2. அப்புறம் இதுல மெஷினுங்களுக்கு முகவரி குடுக்கற டிஹெச்சிபியை நிறுத்துங்க. மோடத்துலருந்து வர்ற ஒயரை இதோட வான் போர்ட்ல (வெளி இன்டர்நெட் வர்ற துளை) குத்தாம லேன் போர்ட்ல குத்துங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ் வீட்டு மோடத்துல இருக்கற மாதிரியே வச்சுட்டு, சேனல் மட்டும் வேற வைங்க. வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில 1, 6, 11 மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல்.

டிஹெச்சிபியை நிறுத்த மறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வீட்டுல முகவரி குடுக்கற ஆள் ரெண்டு பேர் ஆயிடுவாங்க. ஒரு போனுக்கு நெட் வரும், பக்கத்துல இருக்கற போனுக்கு வராது. ரெண்டு நாள் கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்ச பிறகுதான் தப்பு நம்ம பரண் ரூட்டர்லன்னு தெரிஞ்சது.

18 ஏப்ரல்

பிளக்குல செருகி கரண்ட் ஒயர் வழியாவே நெட் கொண்டு போற அடாப்டர் பத்திக் கேட்டாங்க. மச்சான் வீட்டுலருந்து வாங்கிட்டு வந்து ஒரு வாரம் வச்சுப் பார்த்தேன். ஒரே ஃபேஸ்ல இருக்கற ரெண்டு பிளக்குக்கு நடுவுல ஓடுச்சு. இன்வெர்ட்டர் லைன்ல நிக்கலை. மோட்டார் போட்டா வேகம் படுத்துடும். திருப்பிக் குடுத்துட்டேன்.

23 ஏப்ரல்

ஒயர் இழுத்தாச்சு, இன்டர்நெட் எல்லா மெஷின்லயும் வருது, ஆனா ஒண்ணை ஒண்ணு பார்க்க மாட்டேங்குதுன்னு எழுதியிருந்தீங்க. தீவனக்கடை மெஷின் விண்டோஸ் எக்ஸ்பி, பையனோடது விண்டோஸ் 10னு சொன்னதும் புரிஞ்சுது.

எக்ஸ்பிக்குத் தெரிஞ்ச ஃபைல் பகிர்வு மொழி எஸ்எம்பி1 மட்டும். விண்டோஸ் 10ல 2017 கடைசியில வந்த 1709 பதிப்புலருந்து புதுசா ஏத்தற மெஷின்ல அது முன்ன மாதிரி வர்றதில்லை. வீட்டு மெஷினுங்களைச் சேர்க்க முன்னால இருந்த ஹோம்குரூப் வசதியையும் 2018ல 1803 பதிப்புல எடுத்துட்டாங்க. எஸ்எம்பி1ஐத் திரும்ப ஆன் பண்ணச் சொல்லி நிறைய பேர் எழுதுவாங்க. பண்ணாதீங்க. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை வைரஸ் உலகம் பூரா பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். கணக்கு மெஷினை அதுக்குத் திறந்து வைக்கக் கூடாது.

எங்க வீட்டுல இதுக்கு வழி காட்டினது மக. ஒன்பதாவது படிக்கறா, தமிழ் மீடியம், கேரளா சிலபஸ். 2001ல ஐடி அட் ஸ்கூல்னு தொடங்கி இப்ப கைட்னு ஆயிருக்கற கேரள அரசுத் திட்டம் பள்ளிக்கூடத்து மெஷின்லயெல்லாம் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்தான் போட்டிருக்கு. ஐசிடி பாடப்புத்தகம் தமிழ்லயும் வருது. நான் விண்டோஸ்ல தட்டுத்தடுமாறிட்டு இருக்க, 'அப்பா, அந்த ஓடாத மெஷினைக் குடுங்க'ன்னு வாங்கி உபுண்டுங்கற லினக்ஸைப் போட்டுட்டா. 2 ஜிபி ராம், 2009ல வாங்கின மெஷின். அதுல விண்டோஸ் மெஷினோட ஃபைல் பகிர உதவற சாம்பாங்கற சாஃப்ட்வேரை ஏத்தி ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, பிரிண்டரையும் அதுலயே மாட்டிட்டோம். இப்ப எங்க வீட்டுல எந்த மெஷின்லருந்து வேணும்னாலும் பிரிண்ட் குடுக்கலாம். அந்தப் பெட்டிக்கு ரூட்டர்ல நிலையான ஐபி ஒதுக்கி வச்சோம், இல்லைன்னா கரண்ட் போய் வந்தா முகவரி மாறி பிரிண்டர் காணாமப் போகும்.

உங்க பையனும் நம்ம சைடு பள்ளிக்கூடம்தானே. அவனைக் கேளுங்க, ஆளு வெளிய தேட வேண்டாம்.

24 ஏப்ரல்

லேன் பத்திப் பேசப் பேசப் பழசு ஞாபகம் வருது. நான் பாலக்காட்டுல கம்ப்யூட்டர் கிளாஸ் போனப்ப கேபிள் டிவி ஒயர் மாதிரி கறுப்பா ஒரு கோஆக்ஸ் ஒயர் எல்லா மெஷினுக்கும் வரிசையாப் போகும். ஒவ்வொரு மெஷின் பின்னாலயும் டி மாதிரி ஒரு இணைப்பு, ரெண்டு கோடியிலயும் 50 ஓம் மூடி. நடுவுல யாராவது காலால தட்டிவிட்டா வரிசையே படுத்துடும், சார் மேசைக்கு அடியில தவழ்ந்து தேடுவார். அந்த ஒயர் 185 மீட்டர் போகும், வேகம் 10 மெகாபிட். இன்னைக்கு ஆளுக்கொரு ஒயர், ஒண்ணு அறுந்தா அந்த ஒண்ணுதான் போகும். 1973ல ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல மெட்காஃப்ங்கறவர் ஈதர்நெட்ங்கற இந்த ஒயர் முறையை யோசிச்சதும் ஒரே ஒயரை எல்லாரும் பங்கு போட்டுக்கறதுன்னுதான். சுவிட்ச் வந்ததும் ஒயருக்குப் போட்டி போடற அந்தச் சண்டை தீர்ந்துச்சு.

11 மே

ஏப்ரல் 14ல நான் சொன்னதுல ஒண்ணைத் திருத்தணும். தயவுசெஞ்சு முழுசாப் படிங்க.

தம்பி வீட்டுக்கும் கேட் 6 இழுக்க இன்னொரு 1,500னு சொல்லியிருந்தேன். தூரத்தைப் பொறுத்தவரைக்கும் அது சரி, 100 மீட்டர் வரைக்கும் போகும். ஆனா அது தப்பான யோசனை. வீட்டுக்கு வெளிய, ஒரு கட்டடத்துலருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்பு ஒயர் இழுக்காதீங்க.

நேத்து சாயங்காலம் கோடை மழை. எங்க வீட்டுலருந்து பம்பு ரூமுக்கு 45 மீட்டர் ஒயர் போட்டிருக்கேன், கேமராவுக்காக. இடி எங்க தோட்டத்துல விழவே இல்லை. ரெண்டு தோட்டம் தள்ளி ஒரு பனைமரத்துல விழுந்துச்சு. அவ்வளவுக்கே சுவிட்ச்ல ரெண்டு போர்ட் செத்துச்சு, கேமரா போச்சு, உபுண்டு மெஷினோட லேன் போர்ட் போச்சு. நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் பிழைச்சுது.

நீள ஒயர் ஒரு ஆன்டெனா மாதிரி. பக்கத்துல மின்னல் இறங்கினா அதுலயும் மின்சாரம் தூண்டப்படும். அது போக, ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் வேற வேற. மின்னல் மண்ணுல இறங்கற அந்த நொடியில இந்த எர்த்துக்கும் அந்த எர்த்துக்கும் ஆயிரக்கணக்குல வோல்ட் வித்தியாசம் வரலாம். லேன் போர்ட்டுக்குள்ள இருக்கற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் தாங்கத்தான் செஞ்சது. அதுக்கு மேல வர்றது மெஷினுக்குள்ள போயிடும்.

உங்க தம்பி வீட்டு ஒயரை இழுத்துட்டீங்களா? இழுத்திருந்தா இடி இறங்கறதுக்கு முன்னாலயே ரெண்டு முனையிலயும் கழட்டிடுங்க. இடி இடிக்கறப்ப ஒயர் பக்கமே போக வேண்டாம்.

12 மே

உலோக உறை போட்ட ஷீல்டு ஒயர் போட்டு எர்த் பண்ணிடலாமேன்னு கேட்டிருக்காங்க. ஷீல்டை ரெண்டு முனையிலயும் எர்த் பண்ணினா ரெண்டு வீட்டு எர்த்தையும் நாமளே ஒயர் போட்டுச் சேர்த்த மாதிரி ஆகும், வித்தியாசமெல்லாம் அது வழியா ஓடும். திடீர்னு ஏறற வோல்டைத் தடுக்கற சர்ஜ் புரொடெக்டர் உதவும், ஆனா எர்த் நல்லா இருந்தாத்தான். நம்ம பக்கம் வேனல்ல எர்த் குழி காஞ்சு கிடக்கு. அதை நம்பி பிள்ளைங்க மெஷினை வைக்க எனக்கு மனசில்லை.

4 ஜூன்

செப்புக்குப் பதிலா ஃபைபர், அதாவது ஒளி போற கண்ணாடி இழை ஒயர், போட்டாச்சு. முதல்ல என் பம்பு ரூமுக்கு, அப்புறம் கேள்வி கேட்டவரோட தம்பி வீட்டுக்கும் கூடப் போய் நின்னு போட்டுக் குடுத்துட்டு வந்தேன். நான் சொன்ன யோசனை, நான்தான் திருத்திக் குடுக்கணும்.

மீடியா கன்வெர்ட்டர்னு சின்னப் பெட்டி, ஜோடியா விக்குது. கிகாபிட் ஜோடி 2,000 ரூபாய் ஆச்சு. ஒரு பக்கம் செப்பு ஒயர் குத்தற போர்ட், மறுபக்கம் ஃபைபர். ஒரே இழை போதுங்கற வகையை வாங்கினா ஒண்ணு ஏ, ஒண்ணு பி. ஒண்ணு 1310 நானோமீட்டர் ஒளியில அனுப்பும், மத்தது 1550ல அனுப்பும். ரெண்டுமே ஏவா வாங்கிட்டா ஒண்ணுக்கொண்ணு பேசாது. வாங்கறப்ப மேல எழுதியிருக்கறதைப் பாருங்க.

ஃபைபருக்கு நாமளே ஜாக் அடிக்கறது கஷ்டம். எங்க ஊர் கேபிள் டிவிக்காரர் கிட்ட இழையை உருக்கி ஒட்டற ஸ்பிளைஸிங் மெஷின் இருக்கு, ரெண்டு முனைக்கும் சேர்த்து 400 வாங்கினார். ஃபைபர் ஒயர் 60 மீட்டருக்கு 700.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டுக்கு இழுக்கற டிராப் கேபிள்ல தொங்கறதுக்காக ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, அந்த இரும்பு கடத்தும். கம்பியைச் சுவத்துக்கு வெளியிலயே வெட்டி நிறுத்திடுங்க, மெஷின் வரைக்கும் கொண்டு வராதீங்க. கிடைச்சா இரும்பே இல்லாத ஃபைபரா கேட்டு வாங்குங்க, இரும்புக்குப் பதிலா நார் பிளாஸ்டிக் கம்பி வச்சது, எஃப்ஆர்பின்னு கேட்டா தெரியும்.

மொத்தக் கணக்கு: வீட்டுக்குள்ள 2,700, தம்பி வீட்டுக்கு 3,100. முதல் நாள் சொன்ன 4,500 இல்லை, 5,800.

6 ஜூன்

நேத்து கேரள அரசோட இன்டர்நெட் திட்டம் கே-ஃபோன் தொடங்கி வச்சாங்களே, அது வந்தா இதெல்லாம் வேணுமான்னு கேள்வி. கே-ஃபோன் ஊருக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கற ஃபைபர். கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) கம்பம் வழியா வர்றது நல்ல விஷயம், இந்த மூலைக்கும் வந்தா நானே முதல்ல எழுதிக் குடுப்பேன். ஆனா வீட்டுக்குள்ள மாடிக்குப் போக அவங்க ஒயர் தரமாட்டாங்க.

எல்லையில இருக்கறவங்களுக்குத் தெரியும், நம்ம போன் முன்வாசல்ல கேரளா டவரைப் பிடிக்கும், பின்வாசல்ல தமிழ்நாட்டு டவருக்குத் தாவும். மாறற நேரத்துல பேச்சு அறுந்துடும். ஆன்லைன் கிளாஸ் நடந்த அந்த ரெண்டு வருஷம் மக பாதி பாடத்தைக் கிணத்து மேட்டுல உட்கார்ந்துதான் கேட்டா. நான் ஒயர், ஒயர்னு பேசறதுக்கு அதுதான் காரணம். பிள்ளைங்க படிப்பு டவர் தயவுல இருக்கக் கூடாது.

22 ஜூலை

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகப் போகுது. தென்னையில கட்டித் தொங்கவிட்ட ஃபைபர் ஆடி ஆடி ஒரு இடத்துல மடங்கியிருக்கு, தம்பி வீட்டுல நெட் விட்டு விட்டு வருதுன்னு சொன்னாங்க. வளையற மரத்துல கட்டக் கூடாது. தோப்பு ஓரமா ஒன்றரை அடி பள்ளம் எடுத்து, தண்ணி பாய்ச்சற பிவிசி பைப்பையே போட்டு உள்ள விட்டாச்சு. மண்வெட்டி படாம இருக்க மேல வரிசையா ஓடு வச்சோம்.

மாடி மெஷின் திடீர்னு மெதுவாயிடுச்சுன்னு சொன்னது வேற விஷயம். லிங்க் வேகம் 100னு காட்டுச்சு. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும். பழுப்பு ஜோடியோ நீல ஜோடியோ விட்டுப் போனா அறுந்து போகாம சத்தமில்லாம 100க்கு இறங்கி நிக்கும். ஜாக்கை வெட்டிட்டுப் புதுசு அடிச்சதும் 1,000 வந்துடுச்சு.

2 செப்டம்பர்

ஓணம் முடிஞ்சு வீட்டைக் கழுவித் துடைச்சு ஒழுங்கு பண்றப்ப சுவிட்ச் பக்கம் தொங்கிட்டிருந்த ஒரு ஒயர் முனையை எங்க சித்தி நல்ல மனசோட காலியா இருந்த துளையில குத்திட்டாங்க. அதோட அடுத்த முனையும் அதே சுவிட்ச்லதான் இருந்துச்சு. எல்லா லைட்டும் ஒண்ணா படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு நெட்டு மொத்தமா நின்னு போச்சு. அனுப்பின செய்தி சுவிட்சுக்குள்ளயே சுத்திச் சுத்திப் பெருகும். இப்படி லைட் துடிக்கறதைப் பார்த்தா மோடத்தைத் திட்டாம ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருக்கான்னு பாருங்க. சும்மா தொங்கற ஒயர் முனைக்கு ஒரு காகிதத்துல பேர் எழுதி ஒட்டி வைங்க.

கேஎஸ்இபி கரண்ட் போனா மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வச்சுப் பிரயோசனமில்லை. சுவிட்சுக்கும் கன்வெர்ட்டருக்கும் கரண்ட் வேணும், ரெண்டு முனையிலயும். அடாப்டர் பின்னால எத்தனை வோல்ட்னு படிச்சுட்டு மாட்டுங்க, என் கன்வெர்ட்டர் 5 வோல்ட்.

19 அக்டோபர்

துலாமழை, அதான் ஐப்பசி மழை, தொடங்கியாச்சு. முந்தாநேத்து ராத்திரி வந்த இடிக்கு எங்க வீட்டு டிவி போச்சு. சுவிட்ச்சும் கன்வெர்ட்டரும் பம்பு ரூம் கேமராவும் அப்படியே ஓடுது. தீவனக்கடைக்காரருக்கு விடிஞ்சதும் போன் போட்டேன். அங்கயும் ரெண்டு வீடும் நல்லா இருக்கு, தம்பி மக மாடியிலருந்து பெரியப்பா கடை பிரிண்டர்ல ரெக்கார்ட் நோட்டுக்குப் படம் அடிச்சுட்டு இருந்தாளாம்.

தம்பி வீட்டுல இன்னொரு ரூம் எடுக்கறாங்களாம், அங்கயும் ஒரு ஒயர் வேணுமாம். பைப்புக்குள்ள கயிறு கிடக்கு, நான் வர வேண்டியதில்லைன்னு சொல்லிட்டேன். கேட் 6 20 மீட்டர் வாங்கிக்கங்க, சுரண்டிப் பார்த்து.